கடற்படிவுகளின் காலக்கணக்கு

கொசத்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் சேறும் மணலும் சிப்பி ஓடுகளும் இடைவிடாது படிந்துகொண்டிருக்கின்றன. ஓராண்டின் படிவு மிக மெல்லியது. ஆயினும் ஆயிரமாயிரம் ஆண்டுகளில் அது பல அடித் தடிமன் கொள்கிறது. மேலுள்ள படிவின் சுமை அழுத்த, நீரில் கரைந்த சுண்ணப்பொருள் துகள்களைப் பிணைக்க, காலப்போக்கில் அது பாறையாக இறுகுகிறது. அப்பாறை தோன்றிய காலத்தை எவரும் குறித்துவைக்கவில்லை. எனினும், அதற்குள்ளேயே அதன் காலத்தைக் கூறும் சான்றுகள் உள்ளன.

அடுக்கு கூறும் முறைமை

கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது. எளிதாகத் தோன்றும் இந்த அடுக்கமைவு விதியை 1669ஆம் ஆண்டில் நிக்கோலஸ் ஸ்டெனோ வகுத்துரைத்தார். இவ்விதி பொருந்த வேண்டுமெனில், அடுக்குகள் படிந்த நிலையிலேயே இருத்தல் வேண்டும். துறைமுகத்தைத் தூர்வாரும்போது ஆழத்திலிருந்து எடுக்கப்படும் பழைய சேறு புதிய மணலின் மேல் கொட்டப்பட்டால், அங்கு வரிசை தலைகீழாகிவிடும். இயற்கையிலும் நில அசைவுகள் பாறையடுக்குகளை மடக்கிப் புரட்டுவதுண்டு. அலைகள் பழைய ஓடுகளை அரித்தெடுத்துப் புதிய படிவில் சேர்ப்பதுமுண்டு. ஆகவே, ஓர் ஓடு கிடைத்த இடத்திலேயே அவ்வுயிரி வாழ்ந்தது என முடிவுசெய்யுமுன், அது உருண்டு தேய்ந்துள்ளதா என ஆய்வாளர் நோக்குவர்.

அடுக்கமைவு விதி ஓரிடத்தின் வரிசையை மட்டுமே கூறும். தொலைவிலுள்ள இருவேறு பாறைகள் ஒரே காலத்தனவா என்னும் வினாவிற்கு விடை தருபவை புதைபடிவங்களே.

உயிரினம் கூறும் காலம்

வாய்க்கால் வெட்டும் பணிகளை மேற்பார்வையிட்ட வில்லியம் ஸ்மித், ஒவ்வொரு பாறையடுக்கும் தனக்கே உரிய புதைபடிவங்களைக் கொண்டிருப்பதைக் கண்டார். அதனடிப்படையில் 1815ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். 1833ஆம் ஆண்டில் சார்லஸ் லயல், அடுக்குகளிலுள்ள சிப்பி, சங்கு இனங்களில் எத்தனை இன்றும் வாழ்கின்றன எனக் கணக்கிட்டார். அவ்வினங்கள் மிகச் சிலவாக உள்ள அடுக்கை இயோசீன் என்றும், அதனினும் மிக்கு, ஆனால் ஐந்தில் ஒரு பங்கை எட்டாத அடுக்கை மயோசீன் என்றும் பெயரிட்டார். ஏறத்தாழ 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த பகுதி, இன்று முன்-மயோசீன் காலம் எனப்படுகிறது.

கொல்லத்துச் சுண்ணாம்புக்கல்

எண்ணூரின் மேற்பரப்புச் சேறு புவியியல் கணக்கில் மிக இளையது. முன்-மயோசீன் கடலின் படிவைக் காண, மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து கொல்லத்திற்குச் செல்லவேண்டும். அங்கே அஷ்டமுடிக் காயலின் கரையில், படப்பக்கரை அருகே, புதைபடிவங்கள் நிறைந்த சுண்ணாம்புக்கல் வெளிப்பட்டுள்ளது. அதில் தட்டு வடிவ ஓடு கொண்ட ஓருயிரி காணப்படுகிறது. ஃபொராமினிஃபெரா எனப்படும் ஒருசெல் உயிரிகளின் வகையைச் சார்ந்த அதனை, பம்பாயில் மருத்துவராகப் பணியாற்றிய எச். ஜே. கார்ட்டர் 1853ஆம் ஆண்டில் விவரித்து, மலபாரின் பெயரைச் சூட்டினார். இன்று அது சூடோடாபெரினா மலபாரிகா என வழங்குகிறது. இலங்கையின் மயோசீன் சுண்ணாம்புக்கல்லிலும் இவ்வுயிரி கண்டறியப்பட்டுள்ளது.

குறுகிய காலமே வாழ்ந்து மறைந்து, பரந்த கடற்பரப்பில் பரவி, எளிதில் அடையாளம் காணத்தக்க ஓட்டை விட்டுச்சென்ற உயிரினமே சுட்டுப் புதைபடிவம் ஆகும். நெடுங்காலம் மாறாது வாழும் உயிரினம் காலத்தைக் காட்ட உதவாது. சூடோடாபெரினா முதற்கூறிய வகையினது.

எனினும், ஒரு சான்றோடு ஆய்வு நிறைவுறுவதில்லை. 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்துள்ள படிவுகளில் உள்ள நுண்மிதவை உயிரிகளின் எச்சங்களைக் கொண்டு, அதன் காலம் முன்-மயோசீனின் பிற்பகுதியான பர்டிகேலியன் என நிறுவியது. அங்கே அன்று கடற்புல்வெளி இருந்ததையும் புதைபடிவங்கள் உணர்த்தின.

எண்கள் வந்த வழி

புதைபடிவம் வரிசையைத் தருமேயன்றி ஆண்டெண்ணிக்கையைத் தராது. எரிமலைச் சாம்பலிலுள்ள கனிமங்களில் பொட்டாசியம் மாறா வேகத்தில் சிதைந்து ஆர்கானாக மாறுகிறது. இரண்டின் அளவையும் ஒப்பிட்டு ஆண்டுகளைக் கணக்கிடலாம். சாம்பல் அடுக்குகளுக்கு இடையே கிடைக்கும் புதைபடிவத்தின் காலம் இவ்வாறு தெளிவாகிறது. பின்னர் அதே புதைபடிவம், சாம்பல் இல்லாத இடத்திலும் காலத்தைக் காட்டுகிறது. மேலும், முன்-மயோசீன் காலக் கடல்நீரில் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்புகளின் விகிதம் சீராக உயர்ந்துவந்தது. சிப்பிகள் அவ்விகிதத்தைத் தம் ஓட்டில் பதித்துக்கொண்டதால், சிதையாத ஓடும் ஒரு காலமானி ஆகிறது.

நமது அடுக்கு

இன்றும் அடுக்குகள் உருவாகின்றன. எண்ணூர்க் கழிமுகச் சேற்றில் சிப்பிகளோடு அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலும் நெகிழித் துணுக்குகளும் கலந்துள்ளன. நிலக்கரி எரிவதால் உண்டாகும் நுண்ணிய உருண்டைத் துகள்கள் எளிதில் அழிவதில்லை. தொழிற்புரட்சிக்குப் பிந்தைய படிவுகளை அடையாளம் காண அறிஞர் அவற்றை இப்போதே பயன்படுத்துகின்றனர். கொல்லத்துப் பாறை ஒரு கடற்புல்வெளியின் வாழ்வைக் காத்துவைத்துள்ளது. அவ்வாறே எண்ணூரின் படிவும் தான் பெற்ற அனைத்தையும் காத்துவைக்கும். அதில் எவ்வுயிர்கள் தொடர்ந்து இடம்பெறும், எவை ஓர் அடுக்கோடு மறையும் என்பது இன்று அக்கழிமுகத்தை நாம் பேணும் முறையைப் பொறுத்தது.