பிடிப்பது கப், விடுவது துளை

பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: 'முன்பிரேக் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்து, கிட் முழுவதையும் புதிதாகப் போட்டாயிற்று. லீவர் கெட்டியாக நிற்கிறது. ஆனால் நாலு சிக்னல் தாண்டியதும் சக்கரம் பிடித்துக்கொள்கிறது. அரை மணி ஆறவிட்டால் தானாக விடுகிறது. என்ன கோளாறு?' இதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் கடை வாசலில்தான் போய் நிற்கின்றன: பந்தய வண்டிக்கான பிரேக் ஆயில், எஃகு வலை பின்னிய ஹோஸ், பளபளக்கும் புது லீவர். பர்ஸ் இளைக்கும், பிரேக் விடாது. கிட்டில் வருபவை எல்லாம் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் ரப்பர்கள். விட வைக்கும் பாகம் எந்த கிட்டிலும் வருவதில்லை, ஏனென்றால் அது ஒரு துளை.

பாஸ்கல் விதியைப் பள்ளியில் படித்தாயிற்று, அதைத் தாண்டிவிடலாம். லீவரை ஒட்டியிருக்கும் சிறு தொட்டியின் அடியிலிருந்து சிலிண்டருக்குள் இரண்டு துளைகள் இறங்குகின்றன. பெரியது பிஸ்டனின் மெலிந்த இடுப்புப் பகுதியில், இரண்டு ரப்பர் கப்புகளுக்கும் நடுவே திறக்கிறது. மற்றது அரை மில்லிமீட்டரை ஒட்டிய அளவு. லீவரை விட்ட நிலையில் முன் கப்பின் உதட்டுக்குச் சற்றே முன்னால் இருக்கும். லீவரை அழுத்தியதும் கப் முதலில் இந்தச் சின்னத் துளையைக் கடக்கிறது. அதுவரை திரவம் தொட்டிக்கே திரும்பிப் போகும். கடந்த பிறகுதான் அழுத்தம் பிறக்கும். அழுத்தம் ஏற ஏற, கப்பின் உதட்டை அதுவே சுவரோடு சேர்த்து நெரிக்கிறது. தடுக்க வேண்டிய விசையே தடுப்பை இறுக்குகிறது. பிரேக்கில் இதைவிட அழகான வேலை ஒன்று உண்டென்றால், அது லீவரை விடும்போது நடப்பது.

சைக்கிள் கைப்பம்பின் தோல் வாசரை நினைத்துக்கொள்ளுங்கள். தள்ளும்போது வாசரின் விளிம்பு விரிந்து குழாயை அடைக்கிறது. இழுக்கும்போது மடங்கி, பின்னாலிருந்து காற்றை முன்னே விடுகிறது. மாஸ்டர் சிலிண்டரின் முன் கப் அதே சாதிதான். லீவரை விட்டதும் ஸ்பிரிங் பிஸ்டனைப் பின்னுக்கு எறிகிறது. மெல்லிய ஹோஸ் வழியே திரவம் அந்த வேகத்தில் திரும்பி வர முடியாது. கப்புக்கு முன்னால் அழுத்தம் சட்டென்று விழ, பின்னால் நிற்கும் திரவம் பிஸ்டன் தலையிலுள்ள சிறு ஓட்டைகள் வழியே உதட்டை மடக்கிக்கொண்டு முன்னே பாய்கிறது. லீவர் தொளதொளவென்று இறங்கும்போது நாலைந்து முறை பம்ப் செய்தால் மேலே எழும்புவது இதனால்தான். சரி, இப்போது கணக்கைப் பாருங்கள். முன்பக்கம் ஒரு மடக்கு புதிதாக வந்துவிட்டது; காலிப்பருக்குப் போன பழையதும் பின்னாலேயே வருகிறது. ட்யூப் வால்வைப் பிடுங்கிவிட்டு, அடித்த காற்றையெல்லாம் ஒவ்வொரு அடிக்கும் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னால் பம்பு என்ன செய்யும்? அதிகப்படியை வெளியேற்ற அதற்கு ஒரு ஓட்டை வேண்டும். அந்த ஓட்டைதான் நம் அரை மில்லிமீட்டர் துளை. இதற்கு மேல் பம்பை நம்பக் கூடாது: காய்ந்த தோல் வாசருக்குத் தேங்காய் எண்ணெய் விடுவார்கள், கிளைக்கால் வகை பிரேக் ஆயிலுக்கான ஈபிடிஎம் ரப்பர் கப்பில் எண்ணெயோ கிரீஸோ பட்டால் ஊதிப்போகும். பொருத்தும்போது புது பிரேக் ஆயிலில் நனைத்துப் போட வேண்டும், அவ்வளவே.

வரலாறு கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். மால்கம் லாக்ஹீட் 1917இல் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1921இல் டியூசன்பர்க் காரின் நான்கு சக்கரங்களிலும் அது வந்தது. 1962இல் லாம்பிரெட்டா டிவி175 ஸ்கூட்டரில் டிஸ்க் இருந்தது, ஆனால் கேபிளில் இயங்கியது. பெருமளவில் விற்ற மோட்டார் சைக்கிளில் ஹைட்ராலிக் முன் டிஸ்க் என்றால் 1969இன் ஹோண்டா சிபி750தான். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இந்தியாவில் ஏபிஎஸ் கட்டாயம். அந்த வண்டிகளிலும் லீவரடியில் இருப்பது இதே கப், இதே துளை.

துளை அடைபட்டால் என்ன ஆகும்? அதிகப்படித் திரவம் போக வழியில்லாமல் பேட் டிஸ்க்கை லேசாக உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் சூடு, சூட்டில் திரவம் விரியும், விரிந்தால் உரசல் கூடும். ஒன்றை ஒன்று ஊட்டி வளர்த்துக் கடைசியில் சக்கரமே நின்றுவிடும். ஆறினால் திரவம் சுருங்கி விடுதலை. கேள்வி கேட்டவர் சொன்ன அடையாளம் அச்சாக இதுதான். அடைப்பது எது என்பதிலும் மர்மம் இல்லை. கிளைக்கால் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் அலுமினியத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். பல வருடம் மாற்றாத திரவம் பழுப்புக் கூழாகித் தொட்டியின் அடியில் படியும். அந்தக் கூழுக்குள் பெரிய துளை மட்டும் தெரியும். சின்னதை மேடென்றோ கறையென்றோ நினைத்து விட்டுவிடுவார்கள்; பழைய வண்டியில் துளை ஒன்றே என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. டிரில் பிட் வைத்துக் குடைவது தப்பு: துளை பெரிதானாலோ சிலிண்டர் உள்ளே பிசிறு எழும்பினாலோ புது கப்பின் உதடு கிழியும். கிட்டாரின் மிக மெல்லிய தந்தி கால் மில்லிமீட்டர் தடிமன்தான். அதை நுழைத்துப் பதமாகச் சுத்தம் செய்யலாம். எல்லாம் மாட்டிய பிறகு தொட்டி மூடியைத் திறந்து, லீவரை ஒரு விரலால் மெல்லத் தட்டினால் திரவத்தின் மேல் சின்ன ஊற்று ஒன்று எழும்பி அடங்க வேண்டும். பெயின்ட்டில் தெறித்தால் பெயின்ட் போயிற்று; துணி போட்டுக்கொள்வது நல்லது.

ஊற்று எழும்பவில்லை என்றாலே துளை அடைப்புதான் என்று சொல்ல முடியாது. லீவர் முனை பிஸ்டனை எந்நேரமும் கொஞ்சம் தள்ளிக்கொண்டிருந்தால், கப் துளையை மூடியபடியே நிற்கும். வேறு வண்டிக்கான லீவர் மாட்டியவர்களுக்கு இது சகஜம். 'ஹோஸ் உள்ளே உப்பியிருக்கலாம், காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்திருக்கலாம்' என்று ஒருவர் மறுத்தால், அந்த மறுப்பு நியாயமானது. அதைத் தீர்க்க வாதம் வேண்டாம், ஸ்பேனர் போதும். சக்கரம் பிடித்திருக்கும்போதே மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் குற்றவாளி மேலே. விடாமல், காலிப்பரின் பிளீட் நிப்பிளைத் திறந்ததும் விட்டால் ஹோஸ். இரண்டுக்கும் அசையாவிட்டால் காலிப்பர்.

இனி விளம்பரங்கள். டாட் 4 திரவம் புதிதாகக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் நீர் ஏறிய பின் 155 டிகிரி தாங்கினால் போதும். பந்தய ஆயில் 300 டிகிரியைத் தாண்டும் என்பது உண்மைதான், ஆனால் அடைபட்ட துளைக்கு அதில் மருந்து இல்லை; கொதிநிலை கூடுவதால் சக்கரம் இன்னும் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கும் என்றுகூட இல்லை, ஏனெனில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது கொதிப்பு அல்ல, விரிவு. டாட் 5 சிலிக்கோன் ஈரத்தை உறிஞ்சாது, 'ஆயுளுக்கும் போதும்' என்பார்கள். உறிஞ்சப்படாத நீர் துளியாகத் தாழ்வான இடத்தில் தங்கி அங்கேயே அரிக்கும் என்பதைச் சொல்லமாட்டார்கள்.

'இவ்வளவு பாடு எதற்கு, புது சிலிண்டரே மலிவாகக் கிடைக்கிறதே' என்ற கேள்விக்கு நேரடியாக இல்லை என்று சொல்ல முடியாது. உள்சுவரில் கப் ஓடும் தடத்தில் விரல் நகம் சிக்கும் குழி விழுந்திருந்தால் ஹோன் போட்டுத் தேய்ப்பது வெட்டி வேலை. தேய்க்கத் தேய்க்க விட்டம் கூடும், கப்பின் உதடு எட்டாது. ஸ்லீவ் போட வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். ஆனால் மாற்றும்போது விட்டம் பார்க்க வேண்டும். 14 மில்லிமீட்டருக்குப் பதில், இரட்டை டிஸ்க் வண்டிகளுக்கு வரும் 15.87 மில்லிமீட்டர் சிலிண்டரை மாட்டினால் பரப்பு ஏறக்குறைய 28 சதவீதம் கூடுகிறது. அதே விரல் பலத்துக்கு அழுத்தம் 22 சதவீதம் குறைகிறது. லீவர் கெட்டியாக, கம்பீரமாக இருக்கும். ஓட்டுபவர் பிரேக் முன்னைவிடத் தேவலை என்றுகூட நினைப்பார். வண்டி நிற்க மட்டும் கூடுதல் தூரம் எடுக்கும்.