வாலிபர் கழகமும் பிரஜா தர்மமும்

நாட்டுப்பற்றை நூலிற் படிக்கலாம். நாட்டுக்கு உழைக்கும் பழக்கத்தை எங்கே படிப்பது? புத்தூரிலே மாலை வேளைகளில் வாசிகசாலைகளிற் கூடும் இளைஞரைக் காணுந்தோறும் இக்கேள்வி நம் மனத்தில் எழுவதுண்டு.

இதற்கு யாழ்ப்பாணத்து வரலாறே ஒரு விடை தருகின்றது. 1924-ஆம் ஆண்டிலே மாணவர் காங்கிரஸ் என்னும் பெயரோடு ஒரு சபை தோன்றிற்று. பின்னர் அதுவே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராக விளங்கிய ஹன்டி பேரின்பநாயகம் அதன் வழிகாட்டிகளுள் முதன்மையானவர். இலங்கைக்குப் பூரண சுயராச்சியம் வேண்டும், சாதி பேதம் ஒழிய வேண்டும், தாய்மொழி தழைக்க வேண்டும் என்பன அவ்வாலிபரின் கோரிக்கைகள். அவர்கள் அழைப்பை ஏற்றே 1927 நவம்பரிற் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார்.

கொள்கை பேசுவது எளிது. அதற்குச் சோதனை வந்தபோது நிற்பதே அரிது. பள்ளிகளிலே தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குச் சம ஆசனம் அளிக்க வேண்டுமென்ற கட்டளை 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்தபோது, சாதியபிமானிகள் வெகுண்டனர். சில பள்ளிகள் தீக்கிரையாயின. தம் உற்றார் உறவினரின் கோபத்தையும் பொருட்படுத்தாது, வாலிபர் காங்கிரஸார் சமத்துவத்தின் பக்கமே நின்றனர்.

அவர்கள் வரலாற்றில் மற்றொரு பாடமும் உண்டு. டொனமூர் அரசியல் திட்டம் சுயராச்சியம் தரவில்லையென்று 1931-ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அவர்கள் வேண்டினர். வடக்கிலே நான்கு தொகுதிகள் வெறுமையாயின. தெற்கும் இவ்வழியைப் பின்பற்றுமென்ற நம்பிக்கையோ கைகூடவில்லை. 1934-இலேதான் அத்தொகுதிகளுக்குப் பிரதிநிதிகள் தெரிவாயினர். உணர்ச்சி தூயதாயினும், விளைவை எண்ணித் துணிய வேண்டுமென்பதை இது நமக்குக் கற்பிக்கவில்லையா?

எண்ணித் துணியும் இப்பயிற்சியைத் தரும் இடமே கழகம். 1979-இல் தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் சட்டத்தால் அமைக்கப்பட்ட பின், அதன் கீழ்க் கிராமந்தோறும் இளைஞர் கழகங்கள் பல எழுந்தன. அங்கே நடப்பன சிறு காரியங்களே. ஒருவர் முன்மொழிகின்றார், மற்றொருவர் வழிமொழிகின்றார். மாறுபட்ட கருத்தையும் பொறுமையோடு கேட்கின்றனர். தோற்றவர் முகம் சுளிக்காது பெரும்பான்மையோர் முடிவுக்கு இணங்குகின்றார். தனாதிகாரி கணக்கை எல்லார் முன்னிலையிலும் வாசிக்கின்றார். ஒரு ரூபா குறைந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். பொதுப்பணத்தைக் கைகூசாது எடுக்கும் தீமைக்கு இதைவிடச் சிறந்த மருந்து யாது? சிரமதானத்தன்று மண்வெட்டி பிடித்த கை, மறுநாள் அவ்வீதியிற் குப்பை கொட்டத் துணியாது.

ஆனால் ஒன்றை மறைக்காது சொல்ல வேண்டும். வாசிகசாலையும் விளையாட்டு மைதானமும் இந்தக் குறிச்சியாருக்கு இது, அந்தக் குறிச்சியாருக்கு அது என்று பிரிந்து கிடக்கும் ஊர்கள் இன்றும் உள. ஒரு பகுதியாருக்கு மட்டும் கதவு திறக்கும் கழகம் எத்தனை கிண்ணங்கள் வென்றாலென்ன, எத்தனை விழா எடுத்தாலென்ன? அது பிரஜைகளை உருவாக்கவில்லை. பழைய வேலியைப் புதுக் கம்பியாற் கட்டுகின்றது. பெண் பிள்ளைகளைத் தேநீர் வழங்க மட்டும் அழைத்து, நிருவாக சபையில் இடம் மறுக்கும் கழகத்துக்கும் இஃது ஒக்கும்.

பெற்றோரே, "படிப்புக் கெட்டுவிடும்" என்று பிள்ளையைத் தடுக்காதீர்கள். வாரத்தில் ஒரு மாலைப்பொழுது கழகத்துக்கு அளித்தால் பரீட்சை குன்றிவிடாது. மாணவரே, அடுத்த கூட்டத்துக்குச் செல்லும்போது அயற்குறிச்சி நண்பன் ஒருவனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவனுக்கு உங்கள் பக்கத்து ஆசனத்தையே அளியுங்கள். தேசாபிமானம் அந்த ஆசனத்திலேதான் தொடங்குகின்றது.