மன்னிப்புக் கேட்பதற்கு முன்

பென்சிலுக்காக இரண்டு குழந்தைகள் அடித்துக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? "சாரி சொல்லு, கை கொடு" என்கிறோம். இரண்டாம் வகுப்பில் நானும் பல ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். வாய் சாரி சொல்லும்; கண் முறைத்தபடியே இருக்கும். இடைவேளையில் சண்டை மறுபடி தொடங்கும். நான் எதைத் தவறவிடுகிறேன் என்பது, ஹவாய் மக்களின் பண்பாட்டைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது.

பசிபிக் பெருங்கடல் தீவுகளால் ஆன ஹவாய், அமெரிக்காவின் ஒரு மாநிலம். 'அலோஹா' என்பது அங்கே வணக்கச் சொல். அன்பு, பரிவு என்றும் அதற்குப் பொருள் உண்டு. 1986இல் அது மாநிலச் சட்டத்திலேயே இடம்பெற்றது. கனிவு, ஒற்றுமை, இனிமை, பணிவு, பொறுமை என்னும் ஐந்து பண்புகளை அச்சட்டம் அலோஹாவின் கூறுகளாகச் சொல்கிறது. 2015இல் அம்மாநிலக் கல்வி வாரியம் ஏற்ற 'ஹா' என்னும் கற்றல் விளைவுகளிலும் அலோஹா ஒன்று.

இப்பண்புகள் அங்கே அன்றாடப் பொருள்களோடு பிணைந்துள்ளன. குடும்பத்தைக் குறிக்கும் 'ஓஹானா' என்னும் சொல், சேப்பஞ்செடியின் பக்கக் கிழங்கைக் குறிக்கும் 'ஓஹா'விலிருந்து வந்தது. ஒரே தாய்க்கிழங்கின் சேய்க்கிழங்குகள்தாம் உறவினர். சேம்பைத் தம் மூத்த உடன்பிறப்பாகவே அவர்களின் தொன்மக் கதை கூறுகிறது. அக்கிழங்கை வேகவைத்து இடித்துச் செய்யும் 'போய்' என்ற கூழ்க் கிண்ணம் திறந்திருக்கையில் யாரும் சண்டையிடக் கூடாது என்பது பழைய வழக்கம். "அன்பாக இரு" என்ற அறிவுரை குழந்தைக்குப் பிடிபடாது; கிண்ணம் பிடிபடும்.

குடும்பத்தில் மனத்தாங்கல் வந்தால் 'ஹோஓபோனோபோனோ' நடக்கும். சரிசெய்தல் என்று பொருள். பெரியவர் ஒருவர் நடுவில் இருப்பார். வழிபாட்டுடன் தொடங்கும். ஒருவரையொருவர் நோக்கிப் பேசாமல், அவரிடம்தான் பேச வேண்டும். கோபம் ஏறினால் அனைவரும் சற்று மௌனமாக இருப்பார்கள். நடந்தது முழுதும் வெளிவந்த பிறகே மன்னிப்பு. இறுதியில் சேர்ந்து உண்பார்கள்.

அவர்களின் வழிபாட்டை வகுப்பறைக்குக் கொண்டுவருவது முறையன்று. அந்த வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டேன். இருவரும் என்னைப் பார்த்தே பேச வேண்டும். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் கேட்க வேண்டும். பிறகு, "இதைச் சரிசெய்ய என்ன செய்யலாம்?" என்று கேட்பேன். மதியம் சத்துணவுக்கு இருவரும் அருகருகே அமர்வார்கள்.

எல்லாச் சண்டையும் ஓய்ந்துவிடவில்லை. ஆனால் ஒருநாள், பென்சிலைப் பிடுங்கி உடைத்த சிறுவன், மற்றவன் பேசி முடித்ததும் மெதுவாகச் சொன்னான்: "அது அவங்க அக்கா குடுத்ததுன்னு எனக்குத் தெரியாது டீச்சர்." நான் சாரி கேட்கச் சொல்லவே இல்லை. தன் பென்சிலை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினான்.

ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவானது. இத்தனை ஆண்டுகளாக நான் மிச்சப்படுத்திவந்தது அந்த ஐந்து நிமிடத்தைத்தான்.