பத்மநாபபுரம்: கோட்டைக்குள் ஒரு நடைப்பயணம்

நவராத்திரிக்கு முன்னதாக ஆண்டுதோறும் திருவனந்தபுரத்திற்கு ஓர் ஊர்வலம் வந்து சேர்கிறது. யானைமீது சரசுவதியும், பல்லக்குகளில் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் எழுந்தருள்வர். கரமனையிலோ கிழக்கேகோட்டையிலோ சாலையோரம் நின்று அதனைக் கண்ட மாணவர் பலர் இருப்பர். அவ்வூர்வலம் எங்கிருந்து புறப்படுகிறது என்பதை அறிந்தவர் சிலரே. அது புறப்படும் இடம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை. அந்தச் சரசுவதி திருவுருவம் கவிச்சக்கரவர்த்தி கம்பர் வழிபட்டது என்றும், அவருக்குப் பின் சேர மன்னரிடம் வந்து சேர்ந்தது என்றும் மரபாகச் சொல்லப்படுகிறது.

தம்பானூரில் நாகர்கோவில் பேருந்தில் ஏறினால், நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம் ஆகிய ஊர்களைக் கடந்து தக்கலையை அடையலாம். தொலைவு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். ஊர்வலமோ இதே வழியை நடந்தே கடக்கிறது; நெய்யாற்றின்கரையிலும் குழித்துறையிலும் இரவு தங்குகிறது. தக்கலையிலிருந்து அரண்மனைக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர். அதனை நடந்து செல்வதே சிறப்பு. தென்னந்தோப்புகளும் குளங்களும் இருபுறமும் வர, வேளிமலை துணைக்கு வரும். வழிகாட்டி இல்லாமலேயே இவ்விடத்தைச் சுற்றிப் பார்க்க இயலும். ஆயினும், எங்கே நின்று எதனை நோக்குவது என்று முன்பே அறிந்து செல்வது நன்று. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பதையும் மறத்தலாகாது.

முதலில் எதிர்ப்படுவது கருங்கற் கோட்டைமதில். இம்மதில் சூழ்ந்த நிலப்பரப்பு ஏறத்தாழ 186 ஏக்கர். அதனுள் அரண்மனை அமைந்துள்ள பகுதி 6 ஏக்கருக்குச் சற்று மிகுதி. எஞ்சிய இடத்தில் கோயில்களும் வீடுகளும் தெருக்களும் உள்ளன. மக்கள் இன்றும் கோட்டைக்குள்ளேயே வாழ்கின்றனர். இவ்வூரின் பழைய பெயர் கல்குளம். அரண்மனையின் தொடக்கம் 1601ஆம் ஆண்டளவில் என்பர். அதனை விரிவாக்கிக் கட்டியவர் மார்த்தாண்ட வர்மர். அவர் 1750இல் தம் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு உரிமையாக்கி, அவருடைய அடியவராக ஆட்சி செய்தார். ஊரின் பெயரும் பத்மநாபபுரம் ஆயிற்று. 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. தலைநகர் போயிற்று, ஆயினும் மரமும் ஓடும் கொண்டு எழுப்பிய இக்கட்டடங்கள் பாழாகாமல் நிலைத்து நிற்கின்றன.

உள்ளே நுழைந்தவுடன் வருவது பூமுகம். அங்கே கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். மரக் கூரையில் 90 மலர்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. அதற்கு மேல்தளத்தில் மந்திரசாலை உள்ளது. மன்னர் அமைச்சரோடு கலந்தாய்ந்த கூடம் அது. அதன் சாளரங்களில் வண்ண அப்பிரகத் தகடுகள் பொருத்தப்பட்டிருப்பதால், வெயில் உள்ளே நிறம் மாறி விழுகிறது. தரையோ கண்ணாடிபோல் பளபளக்கும் கருமை. எரித்த சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியவற்றைச் சேர்த்து இழைத்த தரை அது என்பர். கொட்டாங்கச்சி என்று தமிழ்நாட்டின் பிற பகுதியினர் கூறுவதைக் குமரி மாவட்டத் தமிழர் சிரட்டை என்றே வழங்குகின்றனர். மலையாளத்திலும் அதே சொல்தான்.

அரண்மனைப் பெயர்களிலும் இவ்வுறவைக் காணலாம். ஊட்டுப்புரை என்னும் சொல்லில் ஊட்டுதல் இருக்கிறது. புரை என்றால் வீடு. மாடிக்கு ஆயிரம் பேராக, இரண்டு மாடிகளில் ஒரே வேளையில் 2000 பேர் அமர்ந்து உண்ணத்தக்க நீண்ட கூடம் இது. உப்பரிகை மாளிகை நான்கு அடுக்குடையது. உப்பரிகை என்பது தமிழ் இலக்கியம் பயின்றோர் நன்கறிந்த சொல். பழைமையான பகுதியாகிய தாய்க்கொட்டாரத்தில் ஒரே பலாமரத்தில் கடைந்த தூண் ஒன்று உண்டு. அதன் வேலைப்பாட்டைப் பார்க்க அவசரம் கூடாது.

வெளிமுற்றத்தில் பீடத்தின்மீது உருண்டைக் கல் ஒன்று இருக்கிறது. அதன் எடை 38 கிலோ. அதனை 101 முறை தலைக்கு மேல் தூக்கியவரே படையில் சேர்க்கப்பட்டனர் என்று ஒரு செய்தி வழங்குகிறது.

1956 நவம்பர் 1ஆம் நாள் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. ஊர் தமிழ்நாட்டுக்குரியது ஆயிற்று. அரண்மனையைப் பேணும் பொறுப்போ கேரள அரசின் தொல்லியல் துறையிடம் இருந்தது. இன்றும் அவ்வாறே உள்ளது. சரசுவதி புறப்படும் நாளில் இரு மாநிலக் காவலரும் சேர்ந்தே மரியாதை செலுத்துகின்றனர்.

மீண்டும் தக்கலைக்கு வந்தால், ஞானப்புகழ்ச்சி பாடிய பீர்முகம்மது அப்பா அடங்கிய தர்கா அவ்வூரிலேயே உள்ளது. அங்கிருந்து நாகர்கோவில் சாலையில் சிறிது தொலைவு நடந்தால் புலியூர்க்குறிச்சி வரும். அங்கே ஒரு தனிக்குன்றைச் சுற்றி எழுந்துள்ளது உதயகிரிக் கோட்டை. அதன் பரப்பு ஏறத்தாழ 90 ஏக்கர். 1741இல் குளச்சலில் நடந்த போரில் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுப் படையை வென்றது. அதில் சிறைப்பட்ட டிலனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படையிலேயே பணியேற்று, இக்கோட்டையை வலுப்படுத்தினார். வலிய கப்பித்தான் என்று மக்கள் அவரை அழைத்தனர். 36 ஆண்டுகள் இந்நாட்டிலேயே வாழ்ந்து, 1777இல் மறைந்தார். கோட்டைக்குள் மேற்கூரையற்ற சிற்றாலயம் ஒன்றில் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் இரு மொழிகளில் பொறித்துள்ளனர். ஒன்று இலத்தீன், மற்றொன்று தமிழ்.