மத்து மாறியது, காந்தம் பிறந்தது

கல்பாக்கம் அணுசக்தி வளாகத்தில் சோடியம் ஓடும் குழாய்களோடுதான் என் வேலைக்காலம் கழிந்தது. சோடியம் உலோகம்தான், ஆனால் கெட்டி வெண்ணெய் மாதிரி கத்திக்கு வெட்டுப்படும். வெட்டின இடம் வெள்ளியாய் மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். 98 டிகிரியில் உருகித் தண்ணீர் போல ஓடும். தண்ணீரோடு மட்டும் அதற்கு ஆகாது. பட்டால் வெடித்துத் தீப்பிடிக்கும். அதனால் சூடேற்றிய எஃகுக் குழாய்க்குள், ஆர்கான் வாயுவின் காவலில் வைத்திருப்போம்.

அதை ஓட்ட மின்காந்தப் பம்பு உண்டு. உள்ளே சுழலும் பாகம் கிடையாது. சோடியத்தின் குறுக்கே மின்சாரம், அதற்குச் செங்குத்தாகக் காந்தப்புலம். இரண்டும் சேர்ந்து திரவத்தைத் தள்ளும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்தவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, இந்தக் குழாய்ச் சுவர் ஏன் இவ்வளவு மெல்லிசா இருக்கு, தெரியுமா?" நான் விழித்தேன். "சுவரும் கடத்தும்ப்பா. தடியா வச்சா கரன்ட் சோடியத்துக்குள்ள போகாம சுவர் வழியாவே சுத்திப் போயிடும்." சுவருக்குச் சாதா இரும்பு ஏன் ஆகாது என்பதையும் அவரே சொன்னார். அது காந்தப்புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

அன்றிலிருந்து சுவரை வெறும் சுவராக நான் பார்த்ததில்லை.

இந்தப் பம்பைத் தலைகீழாக எண்ணிப் பாருங்கள். திரவ உலோகத்தை நாம் ஓட்டினால் காந்தம் கிடைக்குமா? சூரியனின் காந்தம் இப்படிப் பிறந்திருக்கலாம் என்று 1919-ல் ஜோசப் லார்மர் சொன்னார். மின்சாரம் கடத்தும் திரவம், லேசான காந்தப்புலம் ஒன்றின் ஊடே பாய்ந்தால் அதில் மின்னோட்டம் உண்டாகும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் தரும். அது பழைய புலத்துக்கு வலுச் சேர்த்தால் காந்தம் தானே வளரும். மின்தடையோ அதைக் கரைத்துக்கொண்டே இருக்கும். வேகம் வென்றால் காந்தம். தடை வென்றால் ஒன்றுமில்லை.

இதைப் பிரான்சின் கடராஷ் அணுசக்தி வளாகத்தில் சோதித்தார்கள். கல்பாக்கத்தின் சோதனை ஈனுலைக்கு முன்மாதிரியான ராப்சோடி உலை இருந்ததும் அங்கேதான். செம்பு உருளைக்குள் சுமார் 150 லிட்டர் சோடியம். இரு முனையிலும் வளைந்த இதழ்கள் கொண்ட சக்கரங்கள், எதிரெதிர்த் திசையில் சுழலும். ஒரே பானையில் இரண்டு மத்து போட்டுக் கடைவது போல. சக்கரங்கள் துருப்பிடிக்காத எஃகில் இருந்தவரை காந்தம் பிறக்கவில்லை. 2006-ல் தேனிரும்புச் சக்கரங்களை மாட்டினார்கள். நிமிடத்துக்குச் சுமார் 1000 சுற்றைத் தாண்டியதும் காந்தப்புலம் தானாக எழுந்து நின்றது.

இரண்டு உலோகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் சமையலறையிலேயே பார்க்கலாம். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை எவர்சில்வர் டம்ளரில் வையுங்கள். பெரும்பாலும் வழுக்கி விழும். இரும்புத் தோசைக்கல்லில் வையுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்ளும். காந்தப்புலம் இரும்புக்குள் எளிதாக நுழைந்து அங்கே குவியும். சோடியத்தைத் தொட்டுச் சுழலும் சக்கரமே அப்படிப் புலத்தைப் பிடித்து வைப்பதால், பாய்ச்சலுக்கு வேலை குறைகிறது.

பக்கச் சுவருக்கும் இதில் பங்குண்டு. சுவர் மின்கடத்தாப் பொருளானால், மின்னோட்டம் அங்கே முட்டி, திரவத்துக்குள்ளேயே நெருக்கித் திரும்ப வேண்டும். செம்பானால் சுவருக்குள்ளும் போய் அகலமாகச் சுற்றி வரும், கரைவது குறையும். பல பாய்ச்சல்களில் குறைந்த வேகமே போதுமானதாகிவிடும்.

கடராஷில் எழுந்தது இரும்புச் சக்கரத்தில் மிஞ்சியிருந்த பழைய காந்தம்தான் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் இரண்டு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுழற்றியபோது அந்தப் புலம் தானாகவே வடக்கு தெற்காய்த் திசை மாறியது. வெறும் இரும்பின் மிச்சம் அப்படிப் புரளாது. பூமியின் காந்தமும் இப்படிப் புரண்டிருக்கிறது. கடைசியாக, சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்.

ஆனாலும் இந்தப் பானை பூமியின் நகல் அல்ல. 770 டிகிரிக்கு மேல் இரும்பு அந்தக் காந்தப் பிடிப்பை இழந்துவிடும். பூமியின் மையமோ பல ஆயிரம் டிகிரி கொதிக்கிறது. அங்கே உருகிய இரும்புக்கு உட்பக்கம் நன்றாகக் கடத்தும் திட உலோக உருண்டை. வெளிப்பக்கம் கடத்தல் மிகக் குறைந்த பாறை. மூத்தவர் என்னிடம் கேட்ட கேள்வி அங்கேயும் பொருந்துகிறது. பாயும் உலோகத்தைத் தொட்டு நிற்கும் அந்தச் சுவர் எதனால் ஆனது?