கட்டறுத்துச் சென்ற சந்திரன்

1999 செப்டம்பர் 13 அன்று சந்திரன் பூமியின் பிடியிலிருந்து விடுபட்டு ஓடிவிட்டது. இப்படி ஒரு கதையை 1975-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. ‘ஸ்பேஸ் 1999’ என்னும் அத்தொடரின் முதல் பகுதிக்கு ‘பிரேக் அவே’ என்று பெயர். பூமியிலிருந்து கொண்டுபோய்ச் சந்திரனின் மறுபக்கத்தில் குவித்திருந்த அணுக்கழிவு வெடிக்கிறது. அந்த வேகத்தில் சந்திரன், தன்மேல் உள்ள ‘ஆல்ஃபா’ தளத்தின் 311 பேரையும் சுமந்துகொண்டு விண்வெளியில் பாய்கிறது. பிறகு வாரத்துக்கு ஒரு புது உலகம்!

உடனே ஆட்சேபங்கள் கிளம்பின. அவற்றுள் பெயர்பெற்றது, அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் அதே ஆண்டில் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் எழுதியது. சந்திரனை நகர்த்தும் அளவுக்கு வெடிப்பு நிகழ்ந்தால் சந்திரனே உடைந்துவிடும் என்பது அவர் வாதம். ஆனால், குறைந்த ஈர்ப்பில் மனிதர் நடக்கும் விதத்தைச் சரியாகக் காட்டியதற்காக அவர் பாராட்டவும் செய்தார்.

ரசிகர்கள் அன்றுமுதல் இக்கதையின் ஓட்டைகளை எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். நாமும் காகிதமும் பென்சிலும் எடுத்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

‘மறுபக்கம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பூமிக்கு முகம் காட்டாத பக்கம் அது. அங்கே வெடித்தால் சிதறல்கள் வெளிப்புறமாகப் பாயும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சந்திரன் எதிர்த்திசையில், அதாவது பூமியை நோக்கித் தள்ளப்படும்! அப்படியானால் பூமிமேல் வந்து மோதுமா என்றால், மோதாது. சந்திரன் ஏற்கெனவே பக்கவாட்டில் விநாடிக்கு 1.02 கி.மீ. வேகத்தில் சென்றுகொண்டிருக்கிறது. வெடிப்பு அதற்குப் பூமியை நோக்கி அதே அளவு வேகத்தைக் கொடுத்ததாகக் கொள்வோம். செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைப்போல் இரண்டும் கூடி 1.44 கி.மீ. ஆகும். அந்தத் தொலைவில் பூமியின் ஈர்ப்பிலிருந்து விடுபடுவதற்குத் தேவையான வேகம் சரியாக இதுவே. ஆகவே சந்திரன் தப்பிவிடும். ஆனால் நேரே வெளியே போகாது. பரவளையப் பாதையில் முதலில் பூமியை நெருங்கி, இன்றுள்ள தொலைவில் பாதியளவுக்கு, அதாவது சுமார் 1,92,000 கி.மீ. வரை வந்து, வளைந்து, அதன் பிறகுதான் விலகும். கடலில் ஓதங்களை எழுப்பும் விசை, தொலைவின் மூன்றடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமைவது. தொலைவு பாதியானால் விசை எட்டு மடங்கு. விடைபெறும் சந்திரன் நம் கடற்கரைகளை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு வேண்டிய ஆற்றல் எவ்வளவு? சோவியத் யூனியன் 1961-இல் வெடித்துப் பார்த்த மிகப்பெரிய அணுகுண்டின் திறன் சுமார் 5 கோடி டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். அத்தகைய குண்டுகள் ஏறத்தாழ 18,000 கோடி வேண்டும். அதுவும் ஆற்றலில் ஒரு துளியும் வீணாகாமல் முழுவதும் சந்திரனைத் தள்ளுவதற்கே பயன்பட்டால்தான். (அணுக்கழிவு குண்டைப்போல் வெடிக்காது என்பதை இப்போதைக்கு மறந்துவிடுவோம்.) சந்திரனைத் தூள்தூளாக்கி, அத்துகள்கள் மறுபடி ஒன்றுசேராதபடி சிதறடிக்கத் தேவையான ஆற்றலில் இது மூன்றில் ஒரு பங்கு ஆகிறது. அசிமோவின் அச்சம் நியாயமானதே.

ஆனால் என் கணக்கில் பெரிய ஓட்டை இன்னும் வரவில்லை. பூமியை விட்டால் போதுமா? சூரியன் விடவேண்டாமா? பூமியும் சந்திரனும் சூரியனை விநாடிக்குச் சுமார் 29.8 கி.மீ. வேகத்தில் சுற்றுகின்றன. இவ்விடத்திலிருந்து சூரியனின் பிடியை அறுக்க 42.1 கி.மீ. வேண்டும். பூமி செல்லும் திசையிலேயே தள்ளினாலும் 12.3 கி.மீ. குறைகிறது. அதை ஈடுசெய்யத் தேவைப்படும் ஆற்றல், சந்திரனைச் சிதறடிக்கும் ஆற்றலைப்போல் சுமார் 45 மடங்கு! அது கிடைக்காவிட்டால் சந்திரன் ஒரு குட்டிக் கோளாகச் சூரியனைச் சுற்றிக்கொண்டு, பூமியின் பாதைக்கு அருகிலேயே உலவிக்கொண்டிருக்கும். ஆல்ஃபா தளத்தாரை ராக்கெட் அனுப்பி அழைத்துவந்துவிடலாம். தொடர் இரண்டாம் வாரமே முடிந்துபோகும்.

எப்படியோ தப்பியது என்றே வைத்துக்கொள்வோம். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் விநாடிக்குச் சுமார் 17 கி.மீ. வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தில் போனாலும் 4.24 ஒளியாண்டு தொலைவிலுள்ள அண்டை விண்மீனை எட்டச் சுமார் 75,000 ஆண்டுகள் ஆகும். வாரம் ஒரு உலகம் எங்கே?

தொடரை நேசிக்கும் ரசிகர்கள் இதற்கு ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். ‘பிளாக் சன்’ என்ற பகுதியில் சந்திரன் ஒரு கருந்துளைக்குள் புகுந்து வேறெங்கோ வெளிப்படுகிறதல்லவா, தூரத்தை அதுவே விழுங்கிவிட்டது என்பார்கள். கெட்டிக்காரத்தனமான பதில்தான். ஆனால் சந்திரன் சில நாட்களிலோ மாதங்களிலோ போய்ச் சேரும் தொலைவில் அப்படி ஒரு கருந்துளை இருந்திருந்தால், கோள்களின் பாதைகள் எப்போதோ குலைந்திருக்கும். ஓட்டையை அடைக்க எடுத்த துணியில் அதைவிடப் பெரிய கிழிசல்!

சந்திரன் ஓடிவிட்டது என்று கதை சொல்வதில் எனக்கு வருத்தமில்லை. அது கதையின் உரிமை. வெடித்தது மறுபக்கம் என்று தானே சொல்லிவிட்டு, தள்ளிய திசையை மறந்துவிடுவதுதான் உறுத்துகிறது.

இத்தனை குறை சொன்ன ரசிகர்களும் தொடரைக் கைவிடவில்லை. கதையில் குறிக்கப்பட்ட அதே 1999 செப்டம்பர் 13 அன்று அவர்கள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கூடினார்கள். தொடரின் கதை வசனப் பொறுப்பில் இருந்த ஜானி பர்ன் எழுத, அதில் நடித்த ஸீனியா மெர்ட்டன் தம் பழைய வேடத்திலேயே தோன்ற, ரசிகர்கள் எடுத்த ஒரு குறும்படம் அங்கே முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஆல்ஃபா தளத்திலிருந்து பூமிக்கு வரும் கடைசிச் செய்திதான் அதன் கதை.

அன்று அமாவாசை கழிந்து நான்கு நாட்கள். மாலையில் மேற்கு வானில் மெல்லிய பிறை இருந்தது.