குருதி ஏன் வெளிறுகிறது?

முல்லைத்தீவில் எத்தனையோ வீடுகளின் கூரை அஸ்பெஸ்டஸ் சீற். அதை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் பறக்கின்றன. சுவாசித்த நார்கள் நுரையீரலின் உறையில் தங்கி, பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் கழித்து மீசோதீலியோமா என்ற புற்றுநோயை உண்டாக்கலாம். அந்த நோயாளரிடம் குருதிச்சோகை அடிக்கடி காணப்படுகிறது.

ஏன்? சாப்பாட்டில் இரும்புச்சத்துக் குறைவது மட்டுமே காரணமல்ல. புற்றுநோய் கிளப்பும் அழற்சியில் இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் பெருகி ஈரலைத் தூண்டுகிறது. ஈரல் ஹெப்சிடின் என்ற ஹோர்மோனை அதிகம் சுரக்கிறது. குடலிலிருந்தும் சேமிப்புக் கலங்களிலிருந்தும் இரும்பு குருதிக்கு வரும் வழியை ஹெப்சிடின் அடைத்துவிடும். பத்தாயத்தில் நெல் இருந்தும் உலையில் அரிசி இல்லாத நிலை இது. அழற்சி என்புமச்சையையும் மந்தப்படுத்தும். செங்குழியத்தின் ஆயுள் சுமார் 120 நாள். அழிபவற்றை ஈடுசெய்யப் புதியவை போதாமல் போகின்றன.

சிகிச்சையும் குருதி உற்பத்தியைக் குறைக்கலாம். அதனால்தான் பெமெட்ரெக்செட் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றும்போது ஃபோலிக் அமிலமும் விற்றமின் பி12உம் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

குருதிச்சோகையை எப்படி அறிவது? ஓயாத களைப்பு, மூச்சிளைப்பு, வெளிறிய கீழிமை ஆகியவை அடையாளங்கள். இவற்றுக்குக் காரணங்கள் பல. குருதிப் பரிசோதனை அவசியம். முன்பு சீற் அறுத்த மேசன்மாரும் தச்சரும் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். பழைய சீற்றை உடைக்காதீர்கள். நனைத்து, முழுதாகக் கழற்றுங்கள்.